பதமறிதல்

சமையற்கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விருந்துகளைப் பற்றியே பேசுவர். ஆயின், நாள்தோறும் அடுப்படியில் நிற்கும் பெண்ணொருத்தியிடம் எதனை இன்னும் செம்மையாகச் செய்ய விருப்பம் என வினவின், அவள் விருந்துணவு எதனையும் குறிப்பிடமாட்டாள். சோறு குழையாமல் வடிய வேண்டும். பிட்டுக் கட்டிபடாமல் உதிர வேண்டும். சொதி திரையாதிருத்தல் வேண்டும். இன்று அமைந்த உப்பு நாளையும் அமைய வேண்டும். இவையே அவள் வேண்டுவன. சிறியனவாகத் தோன்றும் இவ்விருப்பங்களுள், ஒரு சமூகம் தன் அறிவை எவ்வாறு காத்துக் கையளிக்கின்றது என்னும் பெரியதொரு வினா அடங்கிக் கிடக்கின்றது.

இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற ஊர் அம்பாறைக் கரையில் உள்ள காரைதீவு. அதன் வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர்கள். மேற்கே வயல், கிழக்கே கடல். அரிசியும் மீனும் தேங்காயும் இவ்வூர்கள் அனைத்துக்கும் பொது. அடுப்படியில் எழும் ஐயங்களும் பொது. தமிழரும் முஸ்லிம்களும் இக்கரையில் வாழும் வாழ்வைப் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்று கூறுவது கிழக்கிலங்கை வழக்கு. இவ்வுவமையின் முழுப்பொருள் பிட்டு அவித்தவர்க்கே விளங்கும். குழலில் மாவை மட்டும் இட்டு அமுக்கினால் ஆவி மேலேறுதல் அரிது; கீழே களியாகவும் மேலே பச்சை மாவாகவும் அது நின்றுவிடும். இடையிடையே இடப்படும் தேங்காய்ப்பூவே ஆவிக்கு வழிவிடுகின்றது. அது சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று. அஃதில்லையேல் மாவும் செவ்வனே வேகாது.

இத்தகைய நுட்பங்களை அறிந்து செய்பவளை ஊரார் ‘கைராசிக்காரி’ என்பர். பாராட்டாகவே சொல்லப்படினும், இச்சொல் இருவகையில் தீங்கு செய்கின்றது. இருபது ஆண்டுகள் கண்ணும் கையும் மூக்கும் ஒருங்கே உழைத்துப் பெற்ற அறிவை, தானாக வந்த நற்பேறாக அது மாற்றிவிடுகின்றது. அதனால் வல்லவளுக்கு உரிய பெருமை பறிபோகின்றது. மறுபுறம், நேற்று அடுப்பேற்றிய இளம்பெண், தன் பிட்டு இறுகியதும் தனக்குப் பிறப்பிலேயே அப்பேறு வாய்க்கவில்லை எனச் சோர்கின்றாள். உண்மையில் அவளிடம் இல்லாதது ராசியன்று, காரணம் அறிதலே.

பதம் என்பது காரணத்தோடு கூடியது. தேங்காய்ப்பாலை எடுத்துக்கொள்வோம். நுண்ணிய எண்ணெய்த் துளிகள் நீரிலே கலந்து நிற்கும் நிலையே பாலாகும். அத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமற் காப்பது தேங்காயிலுள்ள புரதம். கடுங்கொதியும் புளிப்பும் அப்புரதத்தைக் குலைத்துவிட, எண்ணெய் வேறு நீர் வேறாகப் பிரிகின்றது. இதுவே திரைதல். ஆகவேதான் காய் இரண்டாம் பாலில் வேகின்றது. முதற்பால் இறுதியில், தணிந்த நெருப்பில், துழாவித் துழாவி விடப்படுகின்றது. தேசிப்புளி சட்டியை இறக்கிய பின்னரே பிழியப்படுகின்றது. மூதாட்டியர் இம்மூன்று விதிகளையும் பிழையின்றிக் கைக்கொண்டனர். விதியைக் கண்டவள் அவ்வொரு குழம்பையே அறிவாள். காரணத்தைக் கேட்டவள் புதியதொரு குழம்பிலும் தடுமாறமாட்டாள்.

இடியப்பத்துக்கும் இது பொருந்தும். அரிசிமாவுக்குக் கொதிநீர் விடுவது, அதிலுள்ள மாப்பொருள் சிறிது வெந்து பசைத்தன்மை பெறுதற்காக. நீர் ஆறியிருப்பின் இழை அறுந்துபோகும். கோதுமை மாவை முன்னரே அவித்துக்கொள்வதோ நேர்மாறான நோக்குடையது. அம்மாவுக்கு இயல்பாயுள்ள இழுபடும் தன்மையை அடக்குதற்கே அவ்வாறு செய்வர். சோற்றுக்கு நீர் அளப்பதும் அவ்வாறே. புதுநெல்லரிசி எளிதிற் குழையும். பழைய அரிசி நீரை மிகுதியாக ஏற்கும். ஒரு சுண்டு அரிசிக்கு இத்தனை அளவு நீர் என்று எழுதி வைத்தவளுடைய சோறு, அறுவடை முடிந்து புது மூடை வீட்டுக்கு வந்த வாரத்திலே குழைந்துபோவது இதனாலேயே.

காரணம் வினவுவதால் மற்றுமொரு பயனும் உண்டு. முன்னோர் கூறியவற்றுள் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய அது துணைபுரிகின்றது. கறியில் உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு இட, அது உப்பை உறிஞ்சிவிடும் என்னும் நம்பிக்கை பரவலானது. கிழங்கு உறிஞ்சுவது உப்பை மட்டுமன்று, உப்பு நீரை. எஞ்சிய குழம்பின் உவர்ப்பு அவ்வாறே இருக்கும். பாலோ நீரோ விட்டுப் பெருக்குவதே தக்க வழி. அதனினும் சிறந்தது, குழம்பு வற்றும்போது உவர்ப்பு ஏறும் என்பதை உணர்ந்து, முதலிற் குறைத்து இட்டு, இறக்குமுன் சுவைத்துப் பார்த்து நிரவுதல்.

இவ்வறிவு இக்கரையில் இதுவரை சொல்லின்றியே கைமாறி வந்தமைக்கு ஒரு சமூகக் காரணம் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் திருமணத்தின் பின் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வதே பெருவழக்கு. வீடும் பெண்ணுக்கே சீதனமாகின்றது. ஆதலின் மகள் தாயின் அடுப்பை விட்டு அகல்வதில்லை. தாய் அவ்வளவிலேயோ பக்கத்து வளவிலேயோ இருப்பாள். மாப்பிசையும் விரல்களை ஆயிரம் முறை கண்டவளுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

ஆனால் அருகிருத்தல் என்னும் இவ்வாய்ப்பு இன்று உறுதியானதன்று. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற தாய்மாரின் பிள்ளைகள் அம்மம்மாரிடமோ உம்மம்மாரிடமோ வளர்ந்தனர். படிப்பும் உத்தியோகமும் மகளிரைத் தொலைவூர்களுக்குக் கொண்டு சென்றன. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது அம்பாறை மாவட்டத்திலேயே. இறந்தோருட் பெண்களும் சிறுவருமே மிகுதி. அன்று மறைந்தவற்றுள் எழுதப்படாத அடுக்களை அறிவும் ஒன்று என்பதை எக்கணக்கும் பதிந்து வைக்கவில்லை. பின்னர் 2022 இல் நாட்டில் எரிவாயு கிடைக்காதொழிந்தபோது, பல வீடுகள் விறகடுப்புக்கு மீண்டன. கொள்ளியை முன் தள்ளியும் பின் இழுத்தும் தணலை ஒதுக்கியும் நெருப்பை ஆளும் திறன், திருகியைத் திருப்பிப் பழகிய கைகளுக்கு உடனே வாய்க்கவில்லை. இடையில் ஒரு தலைமுறை பழகாது விட்டதனால் வந்த இடர் அது.

காரைதீவு இவ்வுண்மையை உணர்தற்கு இரு சான்றுகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது. ஒன்று, அவ்வூரிற் கோயில் கொண்டுள்ள கண்ணகை அம்மன். வைகாசித் திங்களிற் குளிர்த்தி கொண்டாடப்பெறும் அத்தெய்வம், சிலப்பதிகாரத்தில் மதுரைப்புறத்து ஆயர் குடிலிலே விரல் சிவக்கக் காயரிந்து, முகம் வியர்க்கக் கணவனுக்குச் சமைத்தவள். அச்சமையற்றிறனை இளங்கோவடிகள் கையே அறிந்ததொரு திறனாகக் கூறுவார். வழிபடும் பெண்ணின் வரலாற்றிலேயே சமையல் கையின் அறிவாகப் போற்றப்பட்டிருக்கின்றது. மற்றொன்று, 1892 இல் அவ்வூரிற் பிறந்த விபுலாநந்த அடிகள். வாசித்த கைகளோடு மறைந்துபோன பழந்தமிழர் யாழை, நூற்குறிப்புகளைக் கொண்டும் கணித முறையாலும் மீட்டறிய அடிகள் பல்லாண்டு உழைத்தார். யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். கையில் மட்டும் வாழும் அறிவு கை ஓய்ந்தபின் எத்துணைப் பாடுபட்டு மீட்கப்பட வேண்டியதாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டா. யாழுக்காவது இலக்கியத்திற் குறிப்புகள் எஞ்சின. குழற்பிட்டின் பதத்துக்கு அத்துணைக் குறிப்பும் இல்லை.

ஆதலால் செய்யவேண்டியது பெரிய நூலொன்றை இயற்றுவதன்று. மகள் ‘எவ்வளவு?’ என்று கேட்கும்போது, ‘பதம் பார்த்துப் போடு’ என்று மறுமொழி கூறுவது அடுக்களை மரபு. அது பொய்யன்று, ஆனால் பாதி விடையே. மா உள்ளங்கையிற் பிடித்தாற் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர வேண்டும் என்பது மறுபாதி. அம்மறுபாதியைச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம் வந்துவிடின், கற்பது மகளாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயமும் தளரும். மகனும் அருகில் நின்று கற்கலாம். ‘நெருப்பைக் குறை’ என்பதோடு நில்லாது, ‘பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும், மகள்’ என்று தாயொருத்தி ஒரு வாக்கியம் கூட்டிச் சொல்வாளாயின், அந்தச் சொதி அவள் இல்லாத வீட்டிலும் திரையாது.