தொண்டைக்குள் ஒளிந்திருக்கும் கல்

உள்நாக்கின் இருபுறமும் உள்ள டான்சில் சதையில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு.

உணவுத் துணுக்கு, உதிர்ந்த செல்கள், சளி, பாக்டீரியா எல்லாம் அதில் தங்கும். சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகினால், அதுதான் டான்சில் கல்.

பெரும்பாலும் அரிசிக் குருணை அளவு. வெள்ளை அல்லது இளமஞ்சள். இருமினால் தெறித்து விழும். விரலில் நசுக்கினால் அழுகிய முட்டை வாடை. காற்றுப் புகாத குழிக்குள் வாழும் பாக்டீரியா வெளிவிடும் கந்தகச் சேர்மங்களின் நாற்றம் அது.

பல் துலக்கி, நாக்கு வழித்தும் வாடை போகாமல் கூனிக் குறுகுபவர்கள் எத்தனையோ பேர். குழி ஆழமாக அமைந்ததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

சிலருக்குக் காதும் வலிக்கும். டான்சிலுக்கும் நடுக்காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போகின்றன.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. சாப்பிட்டபின் கொப்பளித்தால் பல கற்கள் தானாகவே வெளியேறும்.

ஊக்கு, குச்சி வைத்து நோண்டவே கூடாது. டான்சிலில் ரத்த ஓட்டம் அதிகம்.

திரும்பத் திரும்ப வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர். கடைசி வழிதான் டான்சில் நீக்கம்.

ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, ரத்தம் கசிந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும்.