கல்லில் நிற்கும் கணக்கு

ஜனவரி 24, காலை

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கி நேரே வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நடந்தேன். குடியரசு நாளன்று எங்கள் ஊரில் கிராம சபை. அதற்குமுன் இந்தக் கோயில் சுவரை நிதானமாகப் பார்க்க ஆசை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் ஊர்ச்சபை எடுத்த முடிவுகள் இங்கேதான் வெட்டப்பட்டிருக்கின்றன. சாய்வெயிலில் எழுத்துகள் துலக்கமாகத் தெரிந்தன.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு ஆள் தேர, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும்; இதுதான் குடவோலை முறை. கோயில் அர்ச்சகர்களான நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். விவரமறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் ஏற்க வேண்டும். கைக்குள் வேறோர் ஓலையை மறைக்க வழியில்லை. அவன் வாசித்ததை நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிப்பார்கள். மனித மனத்தை இவ்வளவு அறிந்து விதி செய்தவர்களை வியக்காமல் இருக்க முடியவில்லை.

மாலை

சுந்தரவரதப் பெருமாள் கோயில், பல்லவர் கால வேலைப்பாடு. மூன்று நிலைக் கருவறையில் பெருமாள் கீழே நின்றும், நடுவே அமர்ந்தும், மேலே கிடந்தும் சேவை சாதிக்கிறார். தரிசனம் முடித்து ஏரிக்கரைக்கு வந்தேன். குடவோலையில் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்தான். பெருமாளுக்கு இத்தனை அழகாகக் கோயில் எடுத்த ஊர், தண்ணீரைக் காக்கவும் பொறுப்பாக ஆள் வைத்திருக்கிறது.

ஜனவரி 25

ஏறக்குறைய அதே காலத்தில், கி.பி. 930இல், ஐஸ்லாந்தில் ஆல்திங் சபை கூடத் தொடங்கியது. அங்கே சட்டம் சொல்பவர் விதிகளை மனப்பாடமாக ஒப்பித்தார். இங்கே விதி கல்லில் ஏறி, எல்லோர் கண்முன்னும் நின்றது.

ஆனால் உத்திரமேரூர்ச் சபை பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35 முதல் 70க்குள் வயது எல்லாம் வேண்டும். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இதை மறைத்துப் பெருமை பேசுவது நியாயமல்ல. இன்று தமிழக உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. அந்தக் கல்லைத் தாண்டி நாம் வந்திருக்கிறோம்.

தாண்டாத இடமும் ஒன்று உண்டு. அந்தக் கல்வெட்டின்படி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, மகன், தாய்மாமன், மைத்துனன், மாமனார், மருமகன், சித்தி பெரியம்மா பிள்ளைகள் யாருமே நிற்க முடியாது. குடவோலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். என்னைக் கேட்டால் கல்வெட்டின் உயிர் இந்த விதியில்தான் இருக்கிறது.

ஜனவரி 26

கிராம சபையில் வரவு செலவு வாசித்தார்கள். மதகுப் பராமரிப்புச் செலவை இனவாரியாகச் சொல்லும்படி கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "தெருவிளக்குச் செலவையும் அப்படியே சொல்லுங்க" என்றார். இரண்டும் வாசிக்கப்பட்டன. கேட்டால் கணக்கு வருகிறது. கேட்பதற்கு இன்று நிலமும் வேண்டாம், வேதமும் வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அந்த உரிமையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்க நமக்கு நியாயமே கிடையாது.