தப்பு நோட்டு

தாதியர் டிப்ளோமாவை முடித்துவிட்டு லெம்பாகா (தாதியர் வாரிய) சோதனையில் தேறாமல் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் சொல்லித் தருகிறேன். முதல் தடவை எழுதுகிறவர்கள் என்னிடம் வருவதில்லை. அவர்களுக்குக் கல்லூரியிலேயே ரிவிஷன் வகுப்பு உண்டு, கூடப் படிக்கிற கூட்டம் உண்டு, தைரியமும் உண்டு. ஒரு தடவை தவறி, மறுதடவையும் தவறி, வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்காமல் ஆன பிறகு, சித்தியோ மாமியோ எங்கேயோ விசாரித்து, சுங்கை லாலாங்கில் என் வீட்டு கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்துவார்கள். பிள்ளை காரைவிட்டு இறங்கக் கொஞ்ச நேரமாகும்.

இங்கே தேர்வு என்பது வெறும் மார்க் சமாச்சாரம் இல்லை. 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி, மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் தாதியாக வேலை பார்க்க முடியாது. மூன்று வருடம் படித்து, வார்டு வார்டாகப் போஸ்டிங் போய், இரவு ஷிப்டில் கால் வீங்க நின்றிருந்தாலும், சோதனையில் தேறவில்லை என்றால் வேலை என்னவோ கிளினிக் கவுன்டரில் மருந்துப் பை ஒட்டுவது, முதியோர் இல்லத்தில் உதவிக்கு நிற்பது என்றுதான் போகும். கூடப் படித்தவள் சுங்கைப் பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக நடந்துபோவாள். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் மட்டும் எந்தச் சோதனையிலும் தோற்காது. சொன்ன மாதத்தில் கடிதம் அனுப்பிவிடும்.

இந்தப் பதிவேடும் தேர்வும் ஒரு பெரிய சண்டையில் பிறந்தவை என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. இங்கிலாந்தில் தாதியருக்குப் பதிவேடு வேண்டும், எல்லோருக்கும் ஒரே தேர்வு வேண்டும் என்று போராடியவர் எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக். அதை எதிர்த்தவர், யாருடைய படத்தை எல்லாத் தாதியர் கல்லூரியிலும் மாட்டி வைத்திருக்கிறோமோ அந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். நல்ல தாதிக்கு வேண்டிய குணத்தைத் தேர்வுத்தாளில் அளக்க முடியாது என்பது அவருடைய கட்சி. நியூசிலாந்து 1901இல் சட்டம் போட்டது. இங்கிலாந்தில் நைட்டிங்கேல் இறந்து ஒன்பது வருடம் கழித்து, 1919இல்தான் சட்டம் வந்தது. பதிவேட்டில் முதல் எண் ஃபென்விக்குக்கே போனது. தவறிய பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டதும் உடனே நைட்டிங்கேல் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். நான் சாய்வதில்லை. தோட்டத்தில் பிறந்தவள் நான். எங்கள் பாட்டி காலத்தில் ஊசி போட்ட டிரெசர் ஐயா எங்கே படித்தார், என்ன தேறினார் என்று கேட்கும் வாய் லயத்தில் ஒருவருக்கும் இல்லை. அவரைப் போன்ற தோட்டத்து மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமே 1965இல்தான் வந்தது. கேட்க முடியாத நோயாளிக்காக யாரோ ஒருவர் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். அதுதான் சோதனை.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் சோதனையைத் திட்டி ஆறுதல் சொல்வது கிடையாது. ஆனால் அவர்கள் நினைக்கிற காரணத்துக்காக அவர்கள் தவறவில்லை என்பதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவேன். பாடம் தெரியாமல் தவறுகிறவர்கள் கொஞ்சப் பேர்தான். திரும்பத் திரும்பத் தவறுகிறவர்களில் பலருக்குப் புத்தகம் தெரியும், வார்டும் தெரியும்; இரண்டுக்கும் நடுவே இருந்த பாலம் பயத்தில் விழுந்துவிட்டது. தாளைக் கண்டதும் நோயாளியை மறந்துவிடுகிறார்கள். நான்கு விடைகளைப் பார்த்து, சோதனைக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று யூகிக்கத் தொடங்குகிறார்கள்.

சலைன் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் மூன்று பைண்ட் நார்மல் சலைன், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? நம் வார்டுகளில் ஒரு பைண்ட் என்றால் 500 மில்லி. 1500ஐ 20ஆல் பெருக்கினால் 30,000 சொட்டு. 24 மணி நேரம் 1440 நிமிடம். வகுத்தால் 20.8, அதாவது 21. போன வருடம் ஒருத்தி, மணியை நிமிடமாக்க மறந்து 24ஆல் வகுத்து, 1250 என்று எழுதிவிட்டு மேலே என்னைப் பார்த்தாள். முகத்தில் சந்தேகம் ஒன்றுமில்லை. வார்டில் இதே பிள்ளை, சொட்டு கொஞ்சம் வேகமாக விழுந்தாலே நடந்துபோகும்போது கையை நீட்டி ரோலரைத் திருகிவிட்டுப் போயிருப்பாள்.

என் ஜன்னல் கம்பியில் காலாவதியான சலைன் பை ஒன்று எப்போதும் தொங்கும். கீழே ஒரு வாளி. அவளை எழுப்பி, கைக்கடிகாரத்தைப் பார்த்து 21 சொட்டு வரும்படி வைக்கச் சொன்னேன். ரோலரைக் கொஞ்சம் இறுக்கினாள், தளர்த்தினாள், உதடு அசைய எண்ணினாள். ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு. "இப்ப 1250 வை பார்ப்போம்" என்றேன். ரோலரை முழுக்கத் திறந்தாள். தண்ணீர் நூலாக இறங்கியது. சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கணக்கில் அவள் தவறவில்லை. சூத்திரத்தை நான் மறுபடி சொல்லித் தரவே இல்லை.

டெங்கி கேள்வி இன்னும் நல்ல உதாரணம். நான்காம் நாள் நோயாளி, காய்ச்சல் இறங்கிவிட்டது, வயிற்று வலி, இரண்டு தடவை வாந்தி, இரத்த அழுத்தம் 100க்கு 85. தாதி முதலில் என்ன செய்ய வேண்டும்? காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று, குடும்பத்தாருக்குத் தைரியம் சொல்வதையோ, தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு நான்கு மணி நேரம் கழித்துப் பார்ப்பதையோ குறிப்பார்கள். கெடாவில் வளர்ந்த பிள்ளைகள், டெங்கி வார்டைக் கண்ணால் கண்டவர்கள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம் என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்லவும் தெரியும். இருந்தும் தாளில் 'காய்ச்சல் இறங்கியது' என்ற நல்ல செய்தி கண்ணில் பட்டதும் மற்றதெல்லாம் மங்கிவிடுகிறது. 100லிருந்து 85ஐக் கழித்தால் 15. மேலுக்கும் கீழுக்கும் இடைவெளி 20க்குக் குறுகினாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இந்தக் கழித்தலை யாரும் செய்வதில்லை. கேள்வியில் செய்யச் சொல்லவில்லை அல்லவா!

இப்படிப்பட்ட கேள்விகளைச் சத்தமாகப் படிக்க வைத்து, பிறகு தாளை மூடிவிட்டு, "இப்ப அந்த நோயாளியோட அம்மா பக்கத்துல நிக்கிறாங்க. அவங்களுக்குச் சொல்ற மாதிரி தமிழ்ல சொல்லு" என்பேன். சொல்லத் தொடங்கியதும் குரல் மாறிவிடும். "அக்கா, காய்ச்சல் இறங்குனாலும் இப்பதான் கவனமா இருக்கணும்..." என்று போகும். விடை அந்த வாக்கியத்திலேயே வந்துவிடும். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறி, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தைப் பிடித்த பிள்ளைகள் இவர்கள். பயத்தில் எந்த மொழியிலும் முழுதாக நிற்காமல் தத்தளிப்பார்கள். மொழி வகுப்பு எடுக்க எனக்கு நேரமில்லை. நோயாளியைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினால் மொழி தானே வழிவிடும்.

அடுத்ததுதான் தப்பு நோட்டு. ஒரு பயிற்சித் தாள் எழுதினால், சரியான விடைகளைத் தொடவே விடமாட்டேன். தவறியதை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் தவறியது என்று அவள் கையாலேயே எழுத வேண்டும்: தெரியவில்லை, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, அல்லது சரியாகப் போட்டுவிட்டு மாற்றிவிட்டேன். 'தெரியவில்லை' என்று எழுதப்பட்டது மட்டும்தான் புத்தகத்துக்குப் போக வேண்டியது. மற்றவற்றுக்குப் புத்தகத்தைத் திறப்பதில் பயனில்லை. ஆனால் தவறிய பிள்ளை எல்லாவற்றுக்கும் புத்தகத்தைத்தான் திறக்கும். மஞ்சள் ஹைலைட்டர் போட்ட பக்கத்துக்குமேல் பச்சையும் போடும். 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் மிஞ்சியிருந்தது. இந்த ஆய்வு தெரிவதற்கு முன்பே எங்கள் பழைய சிஸ்டர்கள் அப்படித்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள், ஆனால் கொஞ்சம் கூடுதலாகத் திட்டி.

விடையை மாற்றுவது பற்றி ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறது: முதலில் தோன்றியதே சரி, கை வைக்காதே. க்ரூகரும் மற்றவர்களும் 2005இல் மாணவர்களின் தாள்களை எண்ணிப் பார்த்தபோது, மாற்றியவை பெரும்பாலும் தவறிலிருந்து சரிக்கே போயிருந்தன. மாற்றிக் கெட்டது மனதில் தைத்துக்கொள்வதால்தான் அந்த நம்பிக்கை. நான் பிள்ளைகளுக்கு இரண்டில் எதையும் சொல்வதில்லை. உன் நோட்டை எண்ணு என்பேன். சிலருக்கு மாற்றுவது கைகொடுக்கிறது. காரணமே இல்லாமல், கடைசிப் பத்து நிமிடத்தில், பக்கத்து மேசைப் பெண் எழுந்துபோவதைப் பார்த்துவிட்டு மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் பேனாவை மூடச் சொல்வேன்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'போன தடவை வந்த கேள்விகள்' எதையும் என் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. யாரோ ஞாபகத்தில் எழுதியது. பாதி விடை தவறு. அதைவிட மோசம், அது யூகிக்கும் புத்தியைத் தீனி போட்டு வளர்க்கிறது.

அமெரிக்காவின் தாதியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுத ஆசைப்படுகிற ஓரிருவரும் இப்போது வருகிறார்கள். அது வேறு மாதிரியான வதை. 1994 முதல் கணினியில் நடக்கிறது; சரியாகப் போட்டால் அடுத்தது கடினமாக வரும், தவறினால் எளிதாக வரும். அதனால் நன்றாக எழுதுகிறவருக்கும் பாதி தவறுகிற மாதிரியே இருக்கும். தற்போது குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150. 85இல் திரை அணைந்தால் தேறியதா தவறியதா என்று தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். தவறினால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி. அமெரிக்காவிலேயே படித்தவர்களில் முதல் தடவை பத்தில் எட்டுப் பேருக்கு மேல் தேறுகிறார்கள், மறுபடி எழுதுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். ஒன்றை மட்டும் அங்கே மெச்ச வேண்டும்: தவறியவருக்கு எந்தப் பகுதியில் தேர்ச்சி அளவுக்கு மேலே, எதில் அதன் அருகே, எதில் கீழே என்று ஓர் அறிக்கை வரும். என் தப்பு நோட்டு அந்த வேலையைத்தான் கையால் செய்கிறது.

வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு பெண் மிஸ்ஸி, அதாவது தாதி, ஆவது குடும்பத்துக்கே கிடைக்கும் மரியாதை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தாத்தா, ஃபேக்டரி பஸ்ஸில் போன அம்மா, அடுத்தது மிஸ்ஸி. அதனால் ரிசல்ட் அவளுடையதாக இருப்பதில்லை. கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், "இன்னும் வேலை கிடைக்கலையா?" என்ற கேள்விக்கு அம்மா பொய் சொல்ல, பிள்ளை அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமக்கிறாள். நான் அம்மாக்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: அடுத்த சோதனைத் தேதியைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். பெரிய ஆலோசனை ஒன்றும் இல்லை. ஆனால் நான் சொன்னதிலேயே அதிகம் பலித்தது இதுதான் என்று தோன்றுகிறது.

படித்துக்கொண்டே சும்மா வீட்டில் இருக்கவும் விடமாட்டேன். கை மறந்தால் புத்தகமும் மறக்கும். ஊசியும் மருந்தும் கூடாது, பதிவில்லாதவள். ஆனால் கவனிப்பதற்கு யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. எங்கள் தாமானில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பாட்டி இருக்கிறார். மகளுக்கு உதவியாக, பாட்டியைத் துடைத்துப் புரட்டிப் போட ஆள் வேண்டும். இன்னொரு தடவைக்குப் பணம் கட்டலாமா என்று அம்மா கேட்கும் பிள்ளையை முதலில் அந்த வீட்டுக்குத்தான் அனுப்புவேன். திரும்பி வந்ததும் பாட்டி எப்படி இருக்கிறார் என்று கேட்பேன்.

"நாக்கு காய்ஞ்சிருக்கு சிஸ்டர். காலையிலிருந்து ஒரு டம்ளர்தான் குடிச்சிருக்காங்க. இடுப்பெலும்பு மேல சிவந்திருக்கு, அமுக்கினா வெளுக்கல" என்று ஒருத்தி வந்து நின்றால், அம்மாவிடம் பணம் கட்டச் சொல்லிவிடுவேன். எத்தனையாவது தடவை என்பது எனக்குப் பொருட்டில்லை. "நல்லா இருக்காங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்கிறவளை இன்னும் இரண்டு மூன்று தடவை அனுப்பிப் பார்ப்பேன். அப்போதும் அதே பதில்தான் என்றால், அவளைத் தனியாக உட்கார வைத்து, இந்த வேலை உனக்கு வேண்டுமா, அம்மாவுக்கு வேண்டுமா என்று கேட்பேன். அழுதுகொண்டே அக்கவுன்ட்ஸ் படிக்க ஆசை என்று சொன்னவள் உண்டு. அதை அம்மாவிடம் நானே சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு காரைக் கிளப்பியவர்களும் இருக்கிறார்கள்.