கானாப் மலையடிவாரத்தில் ஓர் இரவு விருந்தாளி

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் கானாப் என்று ஒரு சிறிய ஊர். சுற்றிலும் காவி பூசினாற்போல் செக்கச்செவேலென்ற மலைகள். அந்தக் காலத்து கௌபாய் படங்கள் பல இங்கேதான் எடுக்கப்பட்டன. ஊருக்கு வடக்கே சுமார் ஐந்து மைலில், மலையிடுக்கில், 'பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற பிராணிகள் காப்பகம் இருக்கிறது. 1984-ல் நண்பர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியது. இன்று நாய், பூனை, குதிரை, பன்றி, முயல் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜீவன்களுக்கு அதுதான் வீடு.

நானும் என் மகளும் போயிருந்தோம். மதியச் சாப்பாடு முழுக்க முழுக்க சைவம் என்றதும் எனக்குப் பரம திருப்தி!

நாய்கள் இருக்கும் பகுதிக்கு 'டாக்டவுன்' என்று பெயர். நடுவில் எண்கோணக் கட்டிடம்; அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட, ஓடியாட இடமுள்ள முற்றங்கள். எங்களைக் கண்டதும் குரைத்த நாய்கள் சிறிது நேரத்தில் அடங்கிவிட்டன.

எல்லாக் காப்பகங்களும் இப்படி இல்லை. நீண்ட நடை, இருபுறமும் எதிரெதிராகக் கூண்டுகள், சிமெண்டுத் தரை. ஒன்று குரைத்தால் அத்தனையும் குரைக்கும். சுவரில் மோதித் திரும்பும் அந்தச் சத்தம் 100 டெசிபலைக்கூடத் தாண்டுவதுண்டு. வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தாலும் தூக்கம் எப்படி வரும்?

'நாய்க்கும் டென்ஷனா?' என்று சிரிக்காதீர்கள். மனம் பதறும்போது நம் உடம்பில் கூடுகிற கார்ட்டிஸால் என்ற ஹார்மோன் நாய்க்கும் உண்டு. காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் அது மிக அதிகமாக இருப்பதை 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சாப்பிடாமல் மூலையில் முடங்குவது, ஓயாமல் சுற்றிச் சுற்றி வருவது, காலையே நக்கிக்கொண்டிருப்பது எல்லாம் அதன் அடையாளங்கள்.

இங்கே வருகிறவர்கள் ஒரு நாயைத் தங்கள் அறைக்கு அழைத்துப்போய் ஓரிரவு வைத்துக்கொள்ளலாம்.

"அம்மா, நாமும் கூட்டிட்டுப் போலாமா?" என்றாள் மகள்.

"காலைல திரும்பக் கொண்டுவந்து விட்டா அது ஏங்கிப் போயிடாதாடி? ஆசை காட்டி மோசம் பண்ற மாதிரி இல்லே?" என்றேன்.

மகள் அதைச் சொன்னதும், அங்கே வேலை பார்க்கும் அம்மாள் புன்னகைத்தார். எல்லாரும் கேட்கிற கேள்விதானாம். இந்தக் காப்பகத்தையும் சேர்த்து ஐந்து காப்பகங்களில் 207 நாய்களைச் சோதித்து, 2019-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டில் தங்கியபோது கார்ட்டிஸால் குறைந்தது. திரும்பி வந்ததும் பழைய அளவுக்கு வந்ததே தவிர, அதற்குமேல் ஏறவில்லை. நாம் லீவு போட்டு ஓய்வெடுப்பது போலத்தான்!

டெய்ஸி என்ற வயதான பழுப்பு நாய் எங்களோடு வந்தது. அறை முழுவதும் அரைமணி நேரம் மோப்பம் பிடித்தது. பிறகு கட்டிலருகே விரிப்பில் படுத்ததுதான், விடியும்வரை குறட்டை! மறுநாள் கொண்டுபோய் விட்டபோது வாலை ஆட்டிக்கொண்டே உள்ளே போயிற்று. என் கண்தான் கலங்கியது. "ராத்திரி எப்படி இருந்தது? காரில் பயந்ததா? அறையை அசுத்தம் பண்ணியதா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். நாளை அதைத் தத்தெடுக்க வருகிறவர்களுக்குச் சொல்லத்தான்.

வீட்டில் நாய் வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நடமாட்டம் இல்லாத ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்குங்கள். தூங்கும் நாயைச் சீண்டக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஊருக்குப் போகும்போது வெளியில் விட நேர்ந்தால், அது படுத்துப் பழகிய துணியையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். காப்பகத்திலிருந்து புதிதாக அழைத்து வந்திருந்தால், முதல் சில நாட்களுக்கு உறவினரையெல்லாம் கூட்டி வேடிக்கை காட்ட வேண்டாம். முதலில் அது நன்றாகத் தூங்கட்டும்.