ஏறவும் இறங்கவும் கொஞ்சம் ஆங்கிலம்

அண்ணாமலை நகர்

அன்புள்ள தோழிக்கு,

உன் அம்மா அண்ணனைப் பார்க்க டொராண்டோ போகும் தேதி முடிவாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அபுதாபியில் தனியாக விமானம் மாற வேண்டுமே என்ற பயத்தில் அவருக்குத் தூக்கமே போய்விட்டது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும், இந்த ஊரில் நான் பார்த்துக்கொண்டிருப்பதை முதலில் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நீ கேட்ட நடராசர் கோயிலும் பிச்சாவரமும் அடுத்த கடிதத்தில் வரும்.

சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கினால் ஒரு பக்கம் கோயில் ஊர், மறுபக்கம் அண்ணாமலை நகர். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. அதற்கு விதையான மீனாட்சி கல்லூரி 1920-இலேயே இங்கே வந்துவிட்டது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. சாயங்காலமானால் அவர் வீட்டு வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர், நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போகக் காத்திருக்கும் பெண் ஒருத்தி, பரங்கிப்பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. அந்த அக்காவின் கணவர் துபாயில் இருக்கிறார். இவர்களோடு உன் அம்மா வயதில் மூன்று நான்கு பேர். எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான்: பயணத்துக்கான ஆங்கிலம்.

கடைகளில் விற்கும் புத்தகங்களை நீயும் பார்த்திருப்பாய். போக்குவரத்துச் சொற்கள் என்று தலைப்புப் போட்டு, பஸ், கார், ரயில், ஹெலிகாப்டர், ஹாட் ஏர் பலூன் என்று படத்தோடு நூறு பெயர் கொடுத்திருப்பார்கள். பலூனில் ஏறி யார் டொராண்டோ போகப் போகிறார்கள்? வண்டிகளின் பெயர் நம் அம்மாக்களுக்குத் தெரியாததல்ல. அவர்களுக்கு வேண்டியது கேட்கத் தெரிவது, சொன்னதைக் காதில் வாங்கத் தெரிவது, பலகையைப் படிக்கத் தெரிவது. இந்த டீச்சர் அதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்.

அவருடைய முதல் வகுப்பறை ரயில்வே ஸ்டேஷன். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிறார். அறிவிப்பு மூன்று மொழியில் வருமல்லவா? தமிழில் வரும்போது காதைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறார், ஆங்கிலத்தில் வரும்போது மட்டும் திறக்கச் சொல்கிறார். வண்டி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் பிரித்துச் சொல்வார்கள். அதைக் காதால் கேட்டு எழுத வேண்டும், பிளாட்பாரம் எண்ணையும் எழுத வேண்டும், வண்டி லேட்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். நான் போயிருந்த அன்று சோழன் எக்ஸ்பிரஸுக்கான அறிவிப்பு வந்தது. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா சின்ன டைரியை முழங்காலில் வைத்து எழுதினார். முதல் தடவை மூன்று இலக்கம்தான் பிடிபட்டது. அறிவிப்பு மறுபடி வந்தபோது ஐந்தும் பிடிபட்டன. எழுதியதைப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து அழுத்தினார். விமான நிலையத்தில் நம் ஆட்கள் தவிப்பது இந்த எண்களில்தான். கேட் எண் கடைசி நேரத்தில் மாறும், அதை ஒலிபெருக்கியில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வண்டி எண்ணைக் காதால் பிடிக்கத் தெரிந்தவருக்கு கேட் எண்ணும் பிடிபடும்.

கேட் என்றால் இந்த ஊர்க்காரர்களுக்கு லெவல் கிராசிங்தான். "கேட் போட்டுட்டாங்க" என்றால் ரயில் வருகிறது, நில் என்று பொருள். விமான நிலையத்தில் கேட் என்பது விமானத்துக்குள் போகும் வாசல். அது திறந்திருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க டீச்சருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் அந்த ஒரு நிமிடப் பாடம் ஒரு பயணத்தையே காப்பாற்றும்.

ரயிலில் போய்வந்த யாரும் விமானப் பயணத்துக்கு வெறுங்கையோடு போவதில்லை என்பது டீச்சரின் உறுதியான எண்ணம். நானும் அதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பி.என்.ஆர். எண் இரண்டிலும் உண்டு. வெயிட்டிங் லிஸ்ட், கன்ஃபார்ம், கேன்சல், லக்கேஜ் என்று நம் வீடுகளில் தினமும் புழங்கும் சொற்கள் அங்கேயும் அப்படியே செல்லும். சைடு லோயர் வேண்டும் என்று கேட்கத் தெரிந்தவருக்கு விண்டோ சீட், ஐல் சீட் என்று கேட்பது பெரிய காரியமில்லை. ஐல் என்பது நடைபாதையை ஒட்டிய இருக்கை. முட்டி வலிக்கும் உன் அம்மாவுக்கு அதுதான் நல்லது, எழுந்து நடக்கலாம். புதிதாகக் கற்க வேண்டியவை சிலதான்: போர்டிங் பாஸ், செக்-இன், செக்யூரிட்டி, இமிக்ரேஷன், டிரான்ஸ்ஃபர், பேகேஜ் கிளெய்ம். அபுதாபியில் அம்மா பார்க்க வேண்டிய பலகை டிரான்ஸ்ஃபர் என்பது. அரைவல்ஸ் என்ற அம்புக்குறியின் பின்னால் போனால் ஊருக்குள் போகும் வழிக்குப் போய்விடுவார். இந்த இரண்டு சொல்லையும் பெரிய எழுத்தில் எழுதி இப்போதே அவர் கண்ணுக்குப் பழக்கிவிடு.

பஸ் விஷயம் வேறு. நம் கண்டக்டர் "ஹோல்டான்" என்று ஒரு குரல் கொடுத்தால் வண்டி நிற்கும், "ரைட்" என்றால் கிளம்பும். டவுன் பஸ், மொஃபசல், பாயின்ட் டு பாயின்ட், எல்.எஸ்.எஸ்., ஃபுட்போர்டு, ஸ்டெப்னி என்று நம் பஸ் ஸ்டாண்டு முழுக்க ஆங்கிலம்தான். கடலூருக்குப் போனால் ஊர்ப் பெயரிலேயே ஆங்கிலம் ஒட்டியிருக்கிறது. பழைய நகரம் ஓ.டி., புதிய நகரம் என்.டி. ஆனால் இவற்றில் பாதி வெளிநாட்டில் எடுபடாது. டொராண்டோவில் ஸ்டெப்னி என்றால் விழிப்பார்கள், ஸ்பேர் டயர் என்றால் புரியும். பெட்ரோல் பங்க் அங்கே கேஸ் ஸ்டேஷன், காரின் டிக்கி டிரங்க், லிஃப்ட் எலிவேட்டர். பிளாட்பாரம் என்று நாம் தெருவோர நடைபாதையையும் சொல்கிறோம், அங்கே அது ரயில் நிற்கும் இடம் மட்டும். பூமிக்கடியில் ஓடும் ரயிலை டொராண்டோவில் சப்வே என்பார்கள். தெருவில் தண்டவாளத்தில் ஓடும் வண்டி ஸ்ட்ரீட்கார். சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராமேதான் அது. தாத்தா டிராமில் போன கதை உங்கள் வீட்டில் இருக்குமே, அதைச் சொல்லி ஸ்ட்ரீட்காரை அறிமுகப்படுத்து.

ஏறுவது, இறங்குவது பற்றி ஒரு முழுச் சாயங்காலம் பாடம் நடந்தது. நமக்கு எதில் ஏறினாலும் ஏறுவதுதான். ஆங்கிலத்தில் பஸ், ரயில், கப்பல், விமானம் என்று எழுந்து நின்று நடக்கக்கூடிய வண்டிகளுக்கு கெட் ஆன், கெட் ஆஃப். உட்காரத்தான் இடமுண்டு என்கிற கார், டாக்சிக்கு கெட் இன், கெட் அவுட். டீச்சர் இதை இலக்கணமாகச் சொல்லவில்லை. வாசலில் நின்ற ஆட்டோவில் ஒவ்வொருவரையும் ஏறி இறங்கச் சொன்னார், பிறகு பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனார். சிங்கப்பூர் போகும் தம்பி கடைசிவரை ஆட்டோவுக்கு ஆன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் அதைத் திருத்தவில்லை. "மாத்திச் சொன்னாலும் அவனுக்குப் புரியும். நீ வாயைத் திறக்காட்டிதான் புரியாது" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் வண்டியைத் தவறவிடுவது இதில்தான். டிக்கெட்டில் 12-ஆம் தேதி 00.25 என்று போட்டிருந்தால், 11-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட வேண்டும். பன்னிரண்டாம் தேதி பகலெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தால் வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும். சென்னையிலிருந்து வளைகுடா போகும் விமானங்கள் பல இப்படி நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும்தான் கிளம்புகின்றன. இன்னொன்று, டிபார்ச்சர் என்பது விமானம் நகரும் நேரம். போர்டிங் என்று தனியாக ஒரு நேரம் அச்சிட்டிருப்பார்கள், அம்மா கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

பரங்கிப்பேட்டை அக்கா ஒரு நாள் தன் தாத்தா சிங்கப்பூர் போன கதையைச் சொன்னார். அவர் போனது ரஜூலா கப்பலில். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. அவர் டெக் பாசஞ்சர், அதாவது மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி போனவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் டெக் ஒன்றுதானாம். பின்னாளில் அதே வழியில் ஓடிய சிதம்பரம் என்ற கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணமும் ஓய்ந்தது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மறுபடி விட்டபோது இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அதற்கும் முன்னால் போனவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்கள் அதில் இருந்தார்கள். படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்க டர்பனில் எழுந்த உயர்நிலைப் பள்ளிக்கு சாஸ்திரி கல்லூரி என்று பெயர். வலங்கைமானில் பிறந்து, இந்திய அரசின் முகவராகத் தென்னாப்பிரிக்காவில் 1927 முதல் 1929 வரை இருந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி எடுத்த முயற்சியால் வந்தது அது. அவருடைய ஆங்கிலப் பேச்சுக்கு வெள்ளிநா என்று வெள்ளைக்காரர்களே பட்டம் கொடுத்தார்கள். அதே சாஸ்திரிதான் 1935 முதல் 1940 வரை இந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவருடைய மேடை ஆங்கிலத்தைவிட அந்த டர்பன் பள்ளிக்கூடத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மொழிக்காக இந்த ஊர் உயிரும் கொடுத்திருக்கிறது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவருக்கு இங்கே சிலை உண்டு. தமிழை விட்டுக்கொடுக்காமல் ஆங்கிலத்தையும் கையில் வைத்துக்கொள்வோம் என்று நின்ற தலைமுறை அது. அந்த ஆங்கிலம் காலேஜ் படித்தவர்களோடு நின்றுவிடாமல் அம்மாக்கள் வரை போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

சரி, உன் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் போடும்போதே வீல் சேர் கேட்டுவிடலாம் என்று உன் அண்ணன் சொல்கிறாராம். ஊழியர் ஒருவர் கூடவே வருவார், மொழிப் பிரச்சினை இருக்காது என்பது அவர் கணக்கு. நம் ஊர்ப் பெற்றோர் பலரும் அப்படித்தான் போகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் முட்டி வலி தாங்கும் அளவில் இருந்து, தானே நடந்து போக வேண்டும் என்று அம்மாவுக்கு விருப்பம் இருந்தால், தடுக்காதே.

அவருக்கு மூன்று கேள்விகள் கேட்கத் தெரிந்தால் போதும். வேர் இஸ் கேட் நம்பர் ட்வென்டி? இஸ் திஸ் த லைன் ஃபார் டொராண்டோ? கேன் யூ ஹெல்ப் மீ, ப்ளீஸ்? இமிக்ரேஷனில் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளும் மூன்றுதான்: எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள். டு விசிட் மை சன் என்று தொடங்கினால் மற்ற இரண்டும் தானாக வரும். உன் அண்ணனின் முகவரியையும் போன் நம்பரையும் பாஸ்போர்ட்டுக்குள் எழுதிவைக்காதே, தனித்தாளில் எழுதிக் கைப்பையில் வை. டிக்ளேர் என்ற சொல்லையும் மறக்காமல் சொல்லிக்கொடு. கனடாவுக்குள் கொண்டுபோகும் சாப்பாட்டுப் பொருள் எதுவானாலும், பருப்புப்பொடியே ஆனாலும், இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். மறைத்தால்தான் அபராதம். ஊறுகாய் பாட்டில் கைப்பையில் வேண்டாம், செக்யூரிட்டியில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடு.

நான் ஊர் திரும்பும்வரை காத்திருக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரம் அறிவிப்பைக் கேட்கச் சொல். விசாரணைக் கவுன்ட்டரில் ஒரு கேள்வியை அவரே ஆங்கிலத்தில் கேட்கட்டும், நீ நான்கடி தள்ளி நில். டிக்கெட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தேதியையும் நேரத்தையும் நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி