மாற்றும் மதிப்பெண்ணும்

யாம் வசிக்கும் செவ்வாய்ப்பேட்டை, சேலம் மாநகரில் வணிகமும் கைத்தொழிலும் தோளோடு தோள் உரசி வாழும் பகுதியாகும். ஒருபுறம் மளிகை மண்டிகள்; மறுபுறம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். நம் முன்னோர் மாற்று என்றதை இப்பட்டறையினர் ‘டச்’ என்பர். நூற்றில் எத்தனை பங்கு தூய வெள்ளியோ அத்தனை டச். எண்பது டச் என்று சொல்லி விற்ற கொலுசு, உருக்கிப் பார்க்குங்கால் எழுபதே நின்றால், விற்றவர் தலைகுனிய வேண்டியதுதான். இத்தெருக்களிற் பிறந்த பிள்ளைகள் பலர் இக்காலத்தில் உலைமுகத்தை விட்டு எலெக்ட்ரானிக்ஸ் பயிலச் செல்கின்றனர். எம் தமக்கையார் மகனும் அவருள் ஒருவன். அவனது தேர்ச்சிச் சீட்டை வாசித்துப் பொருள் கொள்ள எம் இல்லத்தார் பட்ட பாடே யாம் இதனை எழுதப் புகுந்ததற்குக் காரணம்.

இவ்விதழை வாசிப்போருள் பழைய மாணாக்கர் பலர். அவர் காலத்தில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று சொன்னால் வீட்டிலுள்ள பாட்டிக்கும் விளங்கும். இன்று சீட்டில் எழுத்துகளே நிற்கின்றன. ஓ என்பது பத்துப் புள்ளி, ஏ பிளஸ் ஒன்பது, ஏ எட்டு, இவ்வாறு இறங்கி, யூ என்றால் தேறவில்லை என்று பொருள். பாடத்தின் கிரெடிட்டோடு அப்புள்ளியைப் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் வருவதே மாணாக்கனின் சராசரி.

அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளுக்கு 2021-ஆம் ஆண்டில் வகுத்த விதிமுறைப்படி, ஏட்டுப் பாடமொன்றில் 40 மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே இடப்படும். 60 மதிப்பெண் பருவ இறுதிப் பரீட்சைக்கு உரியது. மொத்தம் 50 பெற்றால் தேர்ச்சி. ஆனால் பரீட்சையில் மட்டும் நூற்றுக்கு 45 வீதம், அதாவது 60-க்கு 27, தனியே பெற்றாக வேண்டும். எம் மருகன் மின்சுற்றுப் பாடத்தில் அகமதிப்பீட்டில் 36-உம் பரீட்சையில் 26-உம் பெற்றான். கூட்டினால் 62, சீட்டிலோ யூ. அவன் தோழன் 23-உம் 27-உம் பெற்று, மொத்தம் 50-இல் தேறினான். “அறுபத்திரண்டு பெரிதா, ஐம்பது பெரிதாடா?” என்று எம் அன்னையார் வினவியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனினும் இவ்விதி தவறன்று என்பதே எம் துணிபு. அகத்தே இடும் மதிப்பெண் அன்பினாலும் ஏறும், அச்சத்தினாலும் ஏறும். தன் கல்லூரியின் தேர்ச்சி வீதம் குறைந்துவிடுமே என்னும் கவலையினாலும் ஏறும். விடைத்தாளைத் திருத்துபவரோ மாணாக்கனின் முகமறியார். தன் பட்டறைக் கொலுசுக்குத் தானே டச் சொல்லும் உரிமை பட்டறைக்காரருக்கு உண்டு. ஆயினும் வாங்குவோர் பிறர் உரைகல்லையும் நாடுவர் அன்றோ? அப்புறத்து உரைகல்லும் பழுதுபடாததன்று. மறுமதிப்பீட்டில் முறைகேடு நிகழ்ந்ததென்று 2018-ஆம் ஆண்டில் ஊழல் தடுப்புத் துறையினர் வழக்குப் பதிந்ததை நாடறியும்.

எம்மால் எளிதில் ஏற்கவொண்ணாதது வேறொன்று. அதே விதிமுறையில், ஒரு பாடத்தில் மாணாக்கர் 30 பேருக்கு மேற்பட்டால், தேறியவர்களின் மதிப்பெண்களை மட்டும் எடுத்து, 1964-இல் பாக்ஸ், காக்ஸ் என்னும் புள்ளியியலார் இருவர் வெளியிட்ட கணித முறையால் அவற்றைச் சீர்செய்து, அவ்வகுப்பின் நிலைக்கேற்ப எழுத்தின் எல்லைகளைக் கணிப்பர். 30-உம் அதற்குக் குறைவுமாயின் எல்லைகள் நிலையானவை: 91 முதல் ஓ, 81 முதல் ஏ பிளஸ் என்றவாறு. ஆகவே ஒரே மதிப்பெண் ஓரிடத்தில் ஓரெழுத்தும் மற்றோரிடத்தில் மற்றோரெழுத்தும் ஆகலாம். வினாத்தாள் மிகக் கடினமாய் அமைந்த பருவத்தில் இம்முறை பிள்ளைகளைக் காக்கும் என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் 925 என்று முத்திரையிட்ட வெள்ளி, பக்கத்துத் தட்டில் எவ்வெள்ளி கிடப்பினும் ஆயிரத்தில் 925 பங்கே. இதனை மருகனிடம் கூறினோம். “மாமா, வெள்ளிக்குக் கேள்வித்தாள் கிடையாதே” என்றான்.

செய்முறைப் பாடத்தில் இக்கணக்கு தலைகீழாகும். அகத்தே 60, பரீட்சைக்கு 40. ஆய்வுக்கூடத்திலேதான் மாணாக்கனின் மாற்று உண்மையாய்த் தெரியும் என்று யாம் எண்ணியிருந்தோம். அவன் சொன்ன செய்தி வேறு. டிரான்சிஸ்டர் பெருக்கி ஒன்றை அமைத்து, அதிர்வெண்ணை மாற்ற மாற்ற, பெருக்கம் எவ்வாறு ஏறி, நடுவே சமனாய் நின்று, மீண்டும் இறங்குகின்றது என்று அளந்து வரைபடம் தீட்ட வேண்டும். உச்சப் பெருக்கத்தில் 0.707 பங்காகக் குறையும் இரு புள்ளிகளின் இடைவெளியே அலைப்பட்டை. அவ்வளைவு எப்படி இருக்கும் என்பது புத்தகத்திலேயே உள்ளது. ஆதலின் சுற்று வேலை செய்யாதபோது, மனப்பாடமாயுள்ள எண்களை அட்டவணையில் நிரப்பி அழகாய் வளைவு தீட்டுவோர் உளர். அவருக்கு அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் உரிய மதிப்பெண் முழுதும் கிடைத்துவிடுவதும் உண்டு.

மருகனுக்குப் பரீட்சை நாளில் பெருக்கம் நூற்றுக்கு மேல் வந்திருக்க வேண்டும், நான்கே வந்தது. வேளை முடியுமட்டும் கம்பிகளைப் பிடுங்கிச் செருகிப் பார்த்துவிட்டு, நான்கு என்றே எழுதினான். புறத்தேர்வாளர் அத்தாளை நெடுநேரம் நோக்கி, “எதை ஐயுறுகிறாய்?” என்று வினவினாராம். எமிட்டர் மின்தடையின் குறுக்கே நிற்க வேண்டிய மின்தேக்கி சுற்றிற் சேரவில்லை போலும், அது விடுபட்டால் பெருக்கம் இவ்வளவுக்கே இறங்கும் என்றான் இவன். அவர் குனிந்து பிரெட்போர்டைப் பார்த்தார். மின்தேக்கியின் ஒரு கால் துளைக்குள் இறங்காமல் வெளியே வளைந்து நின்றது. “சரி, போ” என்றார்.

அவ்விடைக்கு அவர் எவ்வளவு இட்டார் என்பது எமக்குத் தெரியாது. சீட்டில் பி பிளஸ் என்று மட்டுமே உள்ளது.