பெல்ட் அறுந்தால்...

ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று நின்றுபோனால் முதலில் என்ன செய்வீர்கள்? மறுபடி சாவியைத் திருகுவீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். நாலு தடவை.

இடம், பண்ருட்டி தாண்டி, நெய்வேலி ஆர்ச் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால். இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. புகை இல்லை, பெரிய சத்தம் இல்லை. 'டப்' என்று ஒரு தட்டல், அவ்வளவுதான். சாவியைத் திருகினால் இன்ஜின் வழக்கத்தைவிட லேசாக விர்ரென்று சுற்றியது. "பேட்டரி பிரமாதமா இருக்கு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த விர்ர்தான் கெட்ட சேதி என்பது தெரியாமல்!

கயிறு கட்டி இழுத்துப்போன ஒர்க்‌ஷாப்பில் பையன் மூடியைத் திறந்து அறுந்த ரப்பரைத் தூக்கிக் காட்டினான். "டைமிங் பெல்ட் சார். புதுசு மாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோம். ஓடிச்சுன்னா உங்க லக்."

சரி என்று சொல்ல வாய் துடித்தது. பேங்கில் இருந்தது மகளின் காலேஜ் ஃபீஸ். அதற்குள் மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். மகனுக்கும் அங்கேயே வேலை என்பதால் இன்னும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வாசம்.

"தொடாதே தம்பி" என்றார் பையனிடம். என்னைப் பார்த்து, "மாப்ளே, பெல்ட் அறுந்தா பெல்ட்டைப் பாக்கக் கூடாது. அது எதை இழுத்துக்கிட்டிருந்துச்சோ, அதைப் பாக்கணும்."

டைமிங் பெல்ட் எதை இழுக்கிறது? கீழே பிஸ்டன்களோடு சுற்றும் க்ராங்க் ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட். கீழே இரண்டு சுற்றுக்கு மேலே ஒரு சுற்று. 3,000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பிஸ்டன் மேலே வருவதற்குள் ஒதுங்கிவிட வேண்டும். இந்தத் தாளத்தைக் காப்பது ஒரு பல் வைத்த ரப்பர் பட்டை. பெருவாரியாகத் தயாரான கார்களில் இதை முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் க்ளாஸ் கம்பெனி, 1962-ல். நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியதும் அதே வருஷம்தான்.

பட்டை அறுந்தால் வால்வுகள் நின்ற இடத்திலேயே நிற்கும். சில இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் எப்போதுமே இடைவெளி உண்டு, பிழைத்துக்கொள்ளும். என்னுடையது அந்த ஜாதி இல்லை. திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் மோதும். வால்வு வளையும்.

அதைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. முதலில் நாலு பிஸ்டனையும் பாதி வழியில் நிறுத்திவிட்டு கேமை அதன் குறிக்குத் திருப்பினார்கள். அப்புறம் க்ராங்கையும் குறியில் வைத்துப் புது பெல்ட். சாவி கிடையாது, ஸ்பேனர்தான். கையாலேயே இரண்டு முழுச் சுற்று. எங்காவது இரும்பு இரும்பைத் தொட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். தொடவில்லை. "அப்ப ஓகேவா?" என்றேன். "லேசா வளைஞ்சிருந்தா தடுக்காது. ஆனா மூடாது" என்றார் மாமா.

அடுத்து, ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிய ஓட்டை வழியாகக் காற்று. டயருக்கு அடிக்கும் அதே கம்ப்ரஸர். பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டிய நிலையில், ஒவ்வொரு சிலிண்டராக அடைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் குச்சி ஓட்டையில் பலமாக வந்தால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

மாமாவுக்கு இப்போது காது மந்தம். எங்கே கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், கேட்காது. எனவே நாற்பத்தெட்டு வயதில், நல்ல வேஷ்டி கட்டிக்கொண்டு, சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் நான் குப்புறப் படுத்தேன். ஒன்று, இரண்டு, மெளனம். மூன்றாவதில் 'ஸ்ஸ்ஸ்...' நாலாவது மெளனம்.

ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு சற்றே சாய்ந்திருந்தது. பிஸ்டன் தலையில் நகக்குறி போல ஒரு வடு. அப்படியே ஓட்டியிருந்தால் ஒரு நாள் வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்து இன்ஜினையே அரைத்திருக்கும். புது வால்வு, கேஸ்கெட், கூடவே டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும். ஃபீஸில் பாதி போயிற்று. மீதிக்கு மாமாதான் கடன் கொடுத்தார்.

"நான் நாலு தடவை ஸ்டார்ட் பண்ணினதுல வளைஞ்சதா மாமா?"

"மொத அடியிலயும் வளைஞ்சிருக்கலாம், கடைசி அடியிலயும் வளைஞ்சிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா, செயினா? கையேட்டைப் பாருங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டர், வருஷம் இரண்டுக்கும் கெடு இருக்கும். ரப்பர் சும்மா நின்றாலும் கிழடாகும். பழைய கார் வாங்கும்போது "பெல்ட் மாத்தியாச்சு" என்பார்கள். பில் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

'டப்' கேட்டு நின்றுவிட்டால், சாவியை எடுத்து மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கேட்டாலும் தர வேண்டாம் என்று சொல்லி.